அம்மாவின் நோ

என் வயதுப் பெண்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. உழைக்கிறோம், கார் ஓட்டுகிறோம், பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்க்கிறோம். ஆனால் யாராவது "எப்படிச் சுகம்?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் "நல்ல சுகம்" என்று சொல்லிவிடுகிறோம். டொக்டரிடம் போக மட்டும் நமக்கு நேரம் வருவதில்லை. போன மாதம் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அதைச் சொல்வதென்றால் முதலில் அம்மாவின் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அன்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகவே அங்கேயிருந்தே வருகிறேன்.

நாங்கள் லண்டனுக்கு வந்து அது இரண்டாவது குளிர்காலம். எனக்கு ஒன்பது வயது. தம்பி நடக்கப் பழகி, கண்டதையெல்லாம் இழுத்து விழுத்துகிற பருவம். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் இருந்தோம். சுவர்க் கடதாசிக்குப் பின்னால் ஈரம் ஊறி, மூலையில் அது உப்பிக்கொண்டு நிற்கும். தம்பி அதை விரலால் குத்துவான். கரண்ட் மீற்றருக்குள் காசு போட்டால்தான் ஹீட்டர் எரியும். காசு முடிகிறபோது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருப்போம். அந்தச் சத்தத்தை இன்றைக்கு எந்த வீட்டிலும் கேட்க முடியாது.

அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. காலையில் வந்து, சாப்பிட்டு, பின்னேரம் வரை படுப்பார். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்காக இருந்தவர். கோபக்காரர் அல்ல, கஞ்சனும் அல்ல. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் திட்டப்போகிறீர்கள். அம்மாவின் கையில் காசு கொடுக்கிற வழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான். சாமான் வாங்க அவரே போவார். பாரமான பைகளைத் தானே சுமந்து வருவார். அம்மா எப்போதாவது சில்லறை வேண்டுமென்றால் அவர் முகத்தில் உண்மையான திகைப்பு வரும்.

"உமக்கென்னத்துக்குக் காசு? என்ன வேணுமெண்டாலும் என்னட்டைச் சொல்லும், நான் வேண்டித் தாறன்."

சொன்னால் வாங்கியும் தருவார். அந்தக் கோட்டை அப்படித்தான் வாங்கிக் கொடுத்தார். கரும்பச்சை, கனத்த கம்பளி, முழங்காலுக்குக் கீழே வரும். இரவு வேலையில் அவர் அத்தனை நாள் பிரட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டு மிச்சம் பிடித்தது அதில் போயிருக்கும். அம்மா அதைக் கண்ணாடிக்கு முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் கையால் தடவினார். பை இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு இருந்தது, ஆனால் கை உள்ளே போகவில்லை.

"இஞ்சத்தைப் பொம்பிளையளின்ரை கோட்டுக்குப் பை இல்லைப் போலை," என்றார் அம்மா. "சும்மா வடிவுக்கு வைச்சிருக்கிறாங்கள்."

"உள்ளங்கையை உரஞ்சினால் சூடு வரும்," என்றார் அப்பா.

இரண்டு குளிர்காலம் அம்மா கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு ஃபாரஸ்ட் கேட் முழுவதும் நடந்தார்.

பக்கத்து வீட்டு அன்ரி நைஜீரியாக்காரர். எங்கள் குசினிக்கும் அவருடைய குசினிக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் வெங்காயம் வெட்டினால் எங்களுக்குக் கேட்கும். அதிகாலையில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்கிவிட்டு வந்து, மீதி நாளெல்லாம் சமைப்பார். அவர்களுடைய தேவாலயத்தில் கலியாணம், பிள்ளைக்குப் பெயர் வைப்பு, யாராவது செத்த வீட்டு நினைவு, எதுவென்றாலும் அன்ரியின் சட்டிதான். கணவர் பஸ் ஓட்டுபவர். மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவருக்குப் பேச வேண்டிய தேவை வந்ததில்லை.

நைஜீரியா என்றாலும் அன்ரிக்கு ஒரு குறிப்பிட்ட இடம் உண்டு. அபா என்கிற நகரத்துக்குப் பக்கத்தில், ங்வா என்கிற சனங்களைச் சேர்ந்தவர். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்து அட்டையில் 'க'வுக்குக் காகம், 'ச'வுக்குச் சங்கு என்று எல்லாவற்றுக்கும் படம் இருக்கும். 'ங'வுக்கு மட்டும் படமே இருக்காது, வெறும் எழுத்து. அதில் தொடங்கும் பொருள் ஒன்றும் கிடையாது என்றார் ரீச்சர். கிடக்குது, எங்கடை பக்கத்து வீட்டிலை இருக்குது என்றேன். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சர் என்னை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொன்னார்.

அவர்கள் மொழியில் ங்வா என்றால் 'கெதியாக', விரைவாக என்றும் அர்த்தம். முற்காலத்தில் ஒரு கூட்டம் ஆற்றங்கரைக்கு வந்ததாம். சிலர் கிழங்கைச் சுட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்களாம். சிலர் அவித்து, கெதியாகச் சாப்பிட்டு, ஆறு பெருகுவதற்கு முன் கடந்துவிட்டார்களாம். கடந்தவர்கள்தான் ங்வா. அன்ரி இதைச் சொல்லும்போதெல்லாம் தானே அன்றைக்கு ஆற்றைக் கடந்தவர் மாதிரித்தான் சொல்லுவார். பேசியது ஆங்கிலம். ஆனால் நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்து மொழிபெயர்த்து, என் ஞாபகத்தில் அன்ரி யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அம்மாவுக்கு நோ தொடங்கியது. எங்கள் ஊரில் வலியை நோ என்போம். பல்நோ, வயிற்றுநோ, முதுகுநோ. இது உங்களில் பலருக்குத் தெரியும், ஆனால் என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் சொல்லி வைக்கிறேன். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வரும். அம்மா சிங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நெற்றியை அலுமாரிக் கதவில் வைத்தபடி நிற்பார். வலது விலாவுக்குக் கீழே ஒரு கை அழுத்திக்கொண்டிருக்கும். நான் போனால், "ஒண்டுமில்லைப் பிள்ளை, வாயு," என்பார். மல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பார். சுடுதண்ணீர்ப் பையை ஸ்வெற்றருக்குள் செருகிக்கொண்டு கறி பிரட்டுவார். செவன் கிங்ஸில் இருந்த மாமியிடம் ரெலிபோனில் சொன்னபோது, "குளிர் ஊர், உடம்பு பழக வேணும்," என்று மாமி முடித்துவிட்டார்.

ஒருநாள் அப்பா கண்டுவிட்டார். கண்டவுடன் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனார், அதையும் சொல்ல வேண்டும். இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த மனிதர், படுக்காமல், தம்பியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் போனேன். டொக்டர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர்தான், எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். என்ன பிரச்சினை என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"காஸ், டொக்டர்," என்றார் அப்பா.

எங்கள் ஆட்களுக்கு நெஞ்சுக்கும் தொடைக்கும் நடுவில் என்ன வந்தாலும் அது காஸ்தான். டொக்டரோ வீட்டில் காஸ் ஒழுகுகிறதா, அடுப்பைப் பார்க்க ஆள் அனுப்பினீர்களா என்று கவலையாகக் கேட்டார். அதைத் தெளிவாக்கவே நேரம் போய்விட்டது. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, எங்களுக்கு விளங்கட்டும் என்று மெதுவாகவும் சத்தமாகவும், "ஏதாவது பெயின் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"நோ," என்றார் அம்மா. "நோ, நோ. சரியான நோ."

டொக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அப்பாவும் தலையாட்டினார். அப்பா அதைத் தமிழில் கேட்டார், டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். நானோ இரண்டிலும் கேட்டுப் பழகியவள், எனக்கு அது காதில் இடறவே இல்லை. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து தந்தார்கள். அப்பா வழியெல்லாம் திருப்தியாக வந்தார். அம்மாவுக்கு மருந்து குடித்தும் மாறவில்லை. ஆனால் மறுபடி போவதென்றால் அப்பாவின் நித்திரை போகும், அல்லது ஒரு ஷிப்ட் போகும். அம்மா கேட்கவில்லை. வைத்தியத்துக்குக் காசு வாங்காத நாட்டில் அம்மா நோவோடு இருந்தார்.

ரோல்ஸ் வியாபாரம் தம்பியின் பிறந்த நாளில் தொடங்கியது. அம்மா ஒரு தட்டு ரோல்ஸ் என்னிடம் கொடுத்து அன்ரி வீட்டுக்கு அனுப்பினார். அன்ரி வாசலில் நின்றபடியே ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். கதவைச் சாத்தாமலே மற்றதையும் சாப்பிட்டார். பிறகு வெறும் தட்டோடு என்னைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, இதை ஆர் செய்தது? நீயோ? வாற கிழமை எங்கடை தேவாலயத்திலை கலியாணம். நிறையச் செய்ய வேணும். ங்வா!"

அவர்கள் விருந்துகளில் பெரிய சாப்பாட்டுக்கு முன்னால் சமோசா, பொரித்த மா உருண்டை என்று சின்னச் சின்னப் பலகாரம் கொடுப்பார்கள். எங்கள் ஆட்டிறைச்சி ரோல்ஸ் அந்தத் தட்டில் போய் உட்கார்ந்தவுடன் சமோசாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஓடர் வந்தது. அப்பா பகலில் படுப்பதால் சமையல் அன்ரியின் குசினியில். அம்மா ரொட்டியைத் தோசை மாதிரி மெல்லிதாகச் சுடுவார், கறியை வைத்துச் சுருட்டுவார். நான் முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டுவேன். அன்ரி பொரிப்பார். அம்மா உப்புப் பார்க்கக் கூட ஒரு ரோல்ஸ் சாப்பிட மாட்டார். கறியை மட்டும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

முதல் தரம் காசு கொடுக்க அன்ரி எங்கள் வாசலுக்கு வந்தபோது கதவைத் திறந்தது அப்பா. நன்றி சொல்லி, மரியாதையாகக் கையை நீட்டினார். அன்ரி காசைக் கொடுக்கவில்லை. நீட்டிய கையைப் பிடித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கையிலை எண்ணெய் தெறிச்ச அடையாளம் ஒண்டும் இல்லையே," என்றார். "பொரிச்ச கையைக் கூப்பிடுங்கோ."

அப்பா சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது. அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி வாங்கினார். பர்ஸ் என்று ஒன்று அம்மாவிடம் இல்லை. தம்பிக்குச் சிறிதாகிப்போன கம்பளிக் காலுறை ஒன்று இருந்தது, மஞ்சள் நிறம், மாமி பின்னிக் கொடுத்தது. காசு அதற்குள் போனது.

அன்ரி அந்தக் காசுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். நான் அதைத் தமிழில் 'பருப்புக் காசு' என்றேன். அம்மா, பருப்பு வாங்குவதற்குத் தந்த காசு என்றே கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் ரொட்டி சுடும்போது அன்ரி விளங்கப்படுத்தினார். அவர்கள் ஊரில் எல்லாம் செம்பனை. பழத்தை இடித்து அவித்துப் பிழிவது பெரும்பாலும் பெண்கள். ஆனால் வருகிற சிவப்பு எண்ணெய் ஆணுக்குச் சொந்தம். மிஞ்சுகிற கொட்டையை உடைத்து எடுக்கிற பருப்பு பெண்ணுக்கு. அதை விற்றால் வருவது அவளுடைய காசு. யாரும் கேட்க முடியாது. அது அந்தக் காலத்து வழக்கம்.

"என்ரை அக்கா மாசமாயிருந்தவ," என்றார் அன்ரி, எண்ணெயைப் பார்த்துக்கொண்டே. "வயித்தோடை கல்லிலை இருந்து கொட்டை உடைக்க ஏலாதெண்டு விட்டிட்டா. அப்ப கையிலை ஒண்டும் இல்லை. ரத்தம் போகத் தொடங்கின நேரம் புருசன் வியாபாரத்துக்கு வெளியூர் போயிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வாகனக் காசு வேணும். அவர் வரட்டும், அவர் வந்து சொல்லட்டும் எண்டு வீட்டுச் சனம் எல்லாம் முற்றத்திலை காத்துக்கொண்டு இருந்தது. நல்ல சனம். ஒருத்தரும் கூடாதவை இல்லை."

"பிறகு?" என்றார் அம்மா. நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"அவர் வந்தார்," என்றார் அன்ரி. "வந்து அழுதார்."

அம்மா ஒரு ரொட்டியைக் கருக விட்டுவிட்டார். எனக்கு அந்த அக்காவின் முகம் தெரியாது. ஆனாலும் அவர் கல்லில் உட்கார்ந்து கொட்டை உடைப்பதை இன்றைக்கும் கண்ணால் கண்டதுபோல நினைக்கிறேன்.

இனி அந்தப் பகல். ஈஸ்டர் விடுமுறை, எனக்குப் பள்ளி இல்லை. அப்பா வீட்டில் நித்திரை. அன்ரியின் கணவருக்கு ஓய்வு நாள், முன்னறையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ரீவி பார்த்தார். குசினியில் நாங்கள் மூன்று பேர். முந்தின நாள் மாமி வீட்டு விருந்தில் அம்மா வற்புறுத்தலுக்காகக் கொஞ்சம் நெய்ச்சோறு சாப்பிட்டிருந்தார். காலையிலிருந்தே முகம் சரியில்லை. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று அகப்பையைப் போட்டுவிட்டு மேசையில் சாய்ந்தார்.

"ஐயோ... நோ... நோ..."

அன்ரி திரும்பினார். "என்ன நோ? நான் உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே?"

"நோ அக்கா... நோ..."

"வேண்டாமெண்டால் வேண்டாம், விடு. எதுக்கு நோ சொல்லுறாய்?"

அம்மா வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்தியபடி குந்திவிட்டார். அன்ரி அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கடை பாசையிலை நோ எண்டால் என்ன?"

"நோ எண்டால் நோ," என்றேன். எனக்கு அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. பிறகு யோசித்து, "பெயின்," என்றேன்.

அன்ரி சிரிக்கத் தொடங்கினார். பெரிய உடம்பு முழுக்கக் குலுங்கியது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன். வாய் திறந்தபடியே இருந்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

"டொக்டரிட்டை என்ன சொன்னவ?"

நான் சொன்னேன்.

அன்ரி அடுப்பை நிற்பாட்டினார். அவ்வளவு ரோல்ஸும் பொரிக்காமல் தட்டில் கிடந்தது, பின்னேரம் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போக வேண்டியவை. அவர் அதைப் பார்க்கவே இல்லை. வாடகைக்கு மினிகாப் கார் விடுகிற கடைக்கு ரெலிபோன் அடித்தார். நான் போய் அப்பாவை எழுப்பட்டுமா என்று கேட்டேன். அம்மாவின் முகத்தில் வேர்வை வழிந்தது.

"வேண்டாம், அவர் படுக்கட்டும். இரவைக்கு வேலை," என்றார். "காலுறையை எடுத்துக்கொண்டு வா. கோட்டையும் கொண்டு வா."

நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு, காசைக் கையில் பொத்திப் பிடித்தார். ஒரு தாள் கீழே விழுந்தது. அன்ரி அதை எடுத்து, "பைக்குள்ளை வை," என்றார்.

"அது பை இல்லை அக்கா. சும்மா வடிவுக்கு."

அன்ரி குனிந்து, மடிப்புக்குள் நகத்தை விட்டுப் பார்த்தார். புதுக் கோட்டுகளில் பை தொங்கிப்போகாமல் இருக்கக் கடைக்காரர் வாயை நூலால் தைத்து வைப்பார்கள் அல்லவா? வாங்கியவர் பிரித்துக்கொள்ள வேண்டும். நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அன்ரி மீன் செட்டை வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, நறுக், நறுக் என்று இரண்டு பக்கமும் வெட்டினார். "ங்வா," என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துத் தானே உள்ளே விட்டார். கை முழுக்க உள்ளே போனது. பையின் அடியில் கோட்டுக்கு மேலதிகமாகக் கொடுக்கிற பொத்தான் ஒன்று, சின்னக் கடதாசி உறையில், இரண்டு குளிர்காலமாக அங்கேயே கிடந்தது.

அந்த நோவிலும் அம்மா அதை வெளியே எடுத்து ஆச்சரியமாகப் பார்த்தார்.

மினிகாப்காரருக்கு அம்மாதான் காசு கொடுத்தார். அன்ரியைக் கொடுக்க விடவில்லை என்பதல்ல, அன்ரி கொடுக்க முன்வரவே இல்லை. அது எனக்கு அப்போது கொஞ்சம் கருமித்தனமாகத் தெரிந்தது. இப்போது விளங்குகிறது. வழியெல்லாம் அன்ரி ஒரே ஒரு சொல்லை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தார். அதே டொக்டரிடம் போய், அவர் கேட்கும் முன்பே அம்மா சொன்னார்.

"பெயின். யெஸ், பெயின். இஞ்சை."

டொக்டர் விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்தினார். அம்மாவின் மூச்சு அப்படியே நின்றது. டொக்டரின் முகம் மாறிப்போனது. முன்பு தான் எழுதியதைத் திருப்பிப் பார்த்தார். இதைப் போன தடவை ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார். சொன்னவ, என்றேன்.

அங்கேயிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பித்தப்பையில் கல். அடைத்து, கிருமி பிடித்து, சீழ் வைத்துவிட்டது. இன்னும் சில நாள் வாயு என்று மல்லித்தண்ணி குடித்துக்கொண்டு இருந்திருந்தால் கதை வேறு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை எனக்குச் சொல்லவில்லை, அன்ரியிடம் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் அம்மா என்பவர் இல்லாமலும் போகலாம் என்று எனக்குத் தெரிந்தது. பயத்தில் அம்மாவின் கோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பொரித்த எண்ணெய் மணத்தது.

அப்பா ஓடி வந்தார். அன்ரியின் கணவர் கதவைத் தட்டி எழுப்பியிருந்தார். ஒரு காலில் கறுப்புச் சொக்ஸ், ஒரு காலில் நீலம். அம்மாவின் கட்டிலருகே நின்றுகொண்டு, வேறொன்றும் கேட்கத் தெரியாமல் இதைத்தான் கேட்டார்.

"என்னை எழுப்பியிருக்கலாமே? காசு வேணுமெண்டால் கேட்டிருக்கலாமே? நான் எப்பவாவது இல்லையெண்டு சொன்னனானோ?"

"இல்லை," என்றார் அம்மா. "கேட்டால் தந்திருப்பியள். ஆனால் கேக்கேக்கை ஏனெண்டு சொல்ல வேணும். எனக்கே என்னெண்டு தெரியாத நோவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

அப்பா கதிரையில் உட்கார்ந்தார். தான் டொக்டரிடம் 'காஸ்' என்று சொன்னதும், அம்மா 'நோ' என்று சொன்னபோது தானும் தலையாட்டியதும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

அம்மாவின் கற்களை ஒரு சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் போட்டுத் தந்தார்கள். அந்த நாட்களில் அப்படித் தருவார்கள். அப்பா அதைச் சுவாமித் தட்டுக்குக் கீழே வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் குலுக்கிக் காட்டுவார். பிறகு வீடு மாறியபோது அது எங்கே போனதோ தெரியாது. மஞ்சள் காலுறையும் அப்படித்தான் போனது. வங்கியில் அம்மாவின் பெயரில் ஒரு கணக்கு திறந்தது அப்பாதான். யாரும் சொல்லவில்லை, தானாகவே கூட்டிக்கொண்டு போனார். வங்கிக்காரி அம்மாவிடம் ஏதோ கேட்டபோது இவர் வாய் திறக்கப் போய், மூடிக்கொண்டார்.

அன்ரியின் ஊர்ப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். நம்முடைய சீட்டு மாதிரி ஆளாளுக்குக் காசு போட்டு ஒருவர் எடுப்பார். அதில் ஒரு பங்கை மட்டும் யாரும் எடுப்பதில்லை, ஊரில் நோயாகிற பெண்களுக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்த ஒருநாள் அம்மா கேட்டார்.

"அந்தக் காசை எடுக்க அங்கை ஆரட்டையும் கேக்க வேணுமோ?"

"நோ எண்டு சொன்னால் போதும்," என்றார் அன்ரி. "உன்ரை நோ."

அம்மா சிரித்துவிட்டு, அன்றிலிருந்து தானும் போட்டார். அந்தக் கூட்டத்தில் சேலை கட்டிய ஒரே ஆள் அவர்தான். அன்ரி பிறகு பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார், வயதானபின் தன் ஊருக்கே போய் அங்கே காலமானார். செய்தி வந்த நாளில் அம்மா அழவில்லை. ஆட்டிறைச்சி எடுப்பித்து, அவ்வளவு ரோல்ஸையும் தனியாகவே பொரித்து, அந்தப் பெண்களின் கூட்டத்துக்குக் கொண்டுபோனார்.

இனிப் போன மாதம். அப்பா போய்ச் சில வருடம். அம்மா செவன் கிங்ஸில் என் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி இருக்கிறார், எண்பது தாண்டியும் தன் வங்கிக் கார்டைத் தானே வைத்திருக்கிறார். எனக்குக் கொஞ்ச காலமாகச் சாப்பிட்டபின் ஒரு மாதிரி இருந்தது. வேலை, மகளின் கலியாணப் பேச்சு, கவுன்சில் கடிதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அம்மா என் குசினியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"உன்ரை காசு, உன்ரை கார். பிறகென்னத்துக்குச் சிங்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்றார். "ங்வா!"

போனேன். டொக்டர் இளம்பிள்ளை, என் மகளின் வயதிருக்கும், கண் முழுக்கக் கொம்பியூட்டரில். கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். பெயின் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

"நோ," என்றேன்.

அவள் அதைத் தட்டத் தொடங்கினாள். எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. குனிந்து என் கையைப் பார்த்தேன். அது கோட்டுப் பைக்குள் இருந்தது. பைக்குள் இருந்தபடியே, வலது விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது.

"எழுதாதை பிள்ளை," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவளுக்கு விளங்குகிற மாதிரி, கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து, இடத்தைக் காட்டிச் சொன்னேன்.

"யெஸ். இஞ்சை."